திரையில் பார்த்து வாங்கும் கார்

நேயர்களுக்கு வணக்கம். கார் திருத்துகிறவனைக் கூப்பிட்டுக் கார் வாங்குவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் கடைசியில் கராஜுக்குத்தானே வருகிறார்கள், சரி, பேசுவோம்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதிலிருந்து வருகிறவர் எல்லாரும் போனை நீட்டி, "அண்ணை, ஷோரூம் போகாமல் ஒன்லைனிலேயே ஓடர் பண்ணினால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

வெளிநாட்டில் டெஸ்லா என்கிற மின்சாரக் கார் கம்பெனி அப்படித்தான் விற்கிறது. இடையில் வாங்கி விற்கும் முகவர் கிடையாது. இணையத்தில் போட்ட விலைதான் உங்களுக்கும், உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும். ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் கம்பெனி நேரடியாகக் கார் விற்கச் சட்டம் விடாது. டெக்சாஸில் டெஸ்லாவுக்குத் தொழிற்சாலையே இருக்கிறது. அங்கே காட்சியறைக்குப் போய் விலை கேட்டால் ஊழியர் சொல்லக்கூடாது! முகவர் காசு போட்டுக் கடை திறந்த பிறகு, கம்பெனியே பக்கத்தில் வந்து கடை போட்டுவிடக்கூடாது என்று வந்த சட்டம். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது.

நமக்கு ஷோரூம் இல்லாமல் போவது பெரிய நட்டமில்லை. திருகோணமலைக்காரர் புதுக் கார் பார்க்க எப்போதும் கொழும்புக்குத்தானே பஸ் ஏறினோம்? என் கவலை வேறு. காரைக் கையில் தருவதற்கு முன் முகவர் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. அதை இனி யார் செய்வது?

உப்புவெளியில் ஓர் ஆசிரியர் வாட்ஸ்அப்பில் படம் பார்த்தே புதுக் கார் எடுத்தார். லொறியில் வந்து இறங்கியது. மறுநாளே கராஜுக்கு வந்துவிட்டார். "தம்பி, புதுக் கார் மாட்டு வண்டி மாதிரிக் குலுக்குது." கேஜ் வைத்துப் பார்த்தேன், டயரில் காற்று 45 PSI அழுத்தத்தைத் தாண்டி நின்றது. சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தாளில் போட்டிருந்ததோ 33. காரில் குறை ஒன்றுமில்லை. கப்பலில் நாள்கணக்கில் நிற்கும்போது டயர் அமுங்கிவிடக்கூடாது என்று காற்றைக் கூட்டித்தான் அடைத்து அனுப்புவார்கள். பற்றரி இறங்காமலிருக்கச் சில கார்களில் ஒரு ஃபியூஸையும் கழற்றி வைப்பார்கள். காற்றைக் குறைப்பது, ஃபியூஸைத் திரும்பப் போடுவது, எண்ணெய், பிரேக் பார்ப்பது, எல்லாம் முகவரின் கராஜில் நடக்கிற வேலை. இந்தக் காரை ஒருவரும் தொடவில்லை. ஆசிரியரோ, "அதுக்கும் சேர்த்துத்தானே காசு கட்டினேன்?" என்றார். நியாயமான கேள்வி.

ஆகவே ஒன்லைனில் தாராளமாக வாங்குங்கள், ஆனால் இந்த வேலையை யார் செய்வார்கள் என்று காசு கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம், எழுத்தில். டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் முட்டை வடிவக் கோட்டுக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்த டயர். திரும்பச் சொல்கிறேன்: முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். இதற்குக் கண்ணாடி போட்டால் போதும், மெக்கானிக் தேவையில்லை.

லீசிங் பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன், நேரம் முடிந்தது என்று அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: லீசிங்கில் எடுத்தால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று கம்பெனியின் பெயர்தான் விழும். கடைசித் தவணை கட்டியதும் கடிதம் வாங்கி அந்தப் பெயரை எடுப்பியுங்கள், விற்கப் போகும் நாள்வரை வைத்திராதீர்கள். வணக்கம்.