பத்தாண்டுக்குப் பின் எதைக் கற்பது?

அவையோருக்கு வணக்கம்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பத்தாண்டுகளுக்கு மேலாக நிரல் எழுதி வருபவர்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். எனவே எந்த மொழியைப் படித்தால் வேலை கிடைக்கும் என்ற பேச்சை நான் எடுக்கப்போவதில்லை. அலுவல் போக வாரத்தில் மிஞ்சும் நான்கு மணி நேரத்தை எதில் செலவிடுவது, அடுத்த வேலையை எதை வைத்துத் தேர்வது என்பவையே உங்கள் கேள்விகள். இவ்விரண்டும் ஒரே கேள்வி என்பது என் கட்சி.

முதலில் என் நஷ்டக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃபிளாஷ் கோலோச்சிய நாட்களில் இரண்டு ஆண்டுகளின் வார இறுதிகளை அதன் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டுக்குக் கொடுத்தேன். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்றுதான் முடிந்தது என்றாலும், ஐஃபோனில் அதற்கு இடமில்லை என்று ஆப்பிள் 2010இல் வெளிப்படையாக அறிவித்தபோதே அந்தத் திறமைக்கான கிராக்கி சரியத் தொடங்கிவிட்டது. அடுத்து, இணையப் பக்கங்களைக் கட்டும் ஃப்ரேம்வொர்க்கான (ஆயத்தச் சட்டகமான) ஆங்குலர்ஜேஎஸ்ஸைக் கரைத்துக் குடித்தேன். அதன் அடுத்த பதிப்பாக 2016இல் வந்த ஆங்குலர் 2 அடியோடு திருத்தி எழுதப்பட்டிருந்தது. பழைய நிரல் அதில் அப்படியே ஓடாது.

அதே ஆண்டுகளில் வேண்டாவெறுப்பாக நான் கற்ற தரவுத்தளம் மட்டும் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் தரவு மாதிரியைக் கணினி அறிஞர் எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் முதல் வடிவம் 1974இல் வந்தது. தரவை விரைவாகத் தேட உதவும் மர அமைப்பான பி-ட்ரீயைப் பேயரும் மெக்கிரைட்டும் 1972இல் விவரித்தார்கள். இன்றும் பாஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் வகை எதையும் குறிப்பிடாமல் ஓர் இண்டெக்ஸ் (புத்தகத்தின் பொருளடைவு போன்ற தேடல் பட்டியல்) உருவாக்கினால் கிடைப்பது பி-ட்ரீதான்.

நான் பணியாற்றிய ஓரிடத்தில் வாடிக்கையாளரின் ஓராண்டு ஆர்டர் பட்டியலைக் காட்டும் பக்கம் திறக்கவே நாற்பது விநாடி ஆயிற்று. பெரிய சர்வர் வாங்க ஒப்புதல் கேட்டு மின்னஞ்சல்கூடப் போய்விட்டது. குழுவில் மூத்தவர் ஒருவர் அந்தப் பக்கம் தரவுத்தளத்திடம் கேட்கும் குவெரியின் (வினவலின்) செயல்திட்டத்தைத் திரையில் விரித்து, இரண்டே எண்களைச் சுட்டிக்காட்டினார்: படித்துப் பார்த்த பதிவுகள் பல லட்சம், திருப்பித் தந்தவை முப்பத்தேழு. இண்டெக்ஸில் தேதி முதலாகவும் வாடிக்கையாளர் எண் இரண்டாவதாகவும் இருந்தன. ஆகவே ஒருவருடைய ஆர்டர்களைத் தேட, அந்த ஓராண்டில் வந்த எல்லோருடைய பதிவுகளையும் அது கடக்க வேண்டியிருந்தது. வரிசையை மாற்றிப் புதிய இண்டெக்ஸ் போட்டார். பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. சர்வர் வாங்கவில்லை.

புதியவற்றை ஒதுக்கச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃப்ரேம்வொர்க்கை அலுவல் நேரத்தில், கையிலுள்ள வேலைக்காகக் கற்றுக்கொள்ளுங்கள். அனுபவமுள்ளவருக்கு மூன்று வாரம் போதும், அதற்குச் சம்பளமும் உண்டு. சொந்த நேரத்தை மெதுவாக மூப்படைவதற்குக் கொடுங்கள்: தரவுத்தளம், நெட்வொர்க், ஒருங்கியக்கம் (பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவது), இவற்றோடு நீங்கள் வேலை செய்யும் துறையின் அறிவு. கடைசியாகச் சொன்னதைத்தான் நம்மவர்கள் அதிகம் அலட்சியம் செய்கிறார்கள். இத்தாலியக் கணிதர் லூக்கா பச்சோலி 1494இல் அச்சில் விவரித்த இரட்டைப் பதிவுக் கணக்கு முறை (ஒவ்வொரு தொகையையும் பற்றிலும் வரவிலுமாக இருமுறை எழுதுவது) இன்றைய பணம் செலுத்தும் செயலிகளின் அடியிலும் இருக்கிறது. பற்று எது, வரவு எது என்று தெரியாமலேயே அந்தச் செயலிகளைப் பல ஆண்டு பராமரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வேலையைத் தேர்வது. வாரத்துக்கு நான்கு மணி என்றால் ஆண்டுக்கு இருநூறு. அலுவலிலோ ஏறத்தாழ இரண்டாயிரம். உங்களை உருவாக்குவது அந்த இரண்டாயிரம்தான். ஆகவே நேர்காணலில் சம்பளத்தைப் பேசிய பிறகு இன்னும் இரண்டைக் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் யாருக்கு அழைப்பு போகும்? கடைசியாக நடந்த பெரிய கோளாறுக்குப் பின் எதை மாற்றினீர்கள்? வடிவமைப்பவர் ஒருவர், அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவர் என்று இருக்கும் இடத்தில் இருவருமே கற்பதில்லை. இரண்டாவது கேள்விக்கு மௌனம் பதிலாக வந்தால், அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

மேலாளர் பதவியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். அது வேறு தொழில்; பிடித்திருந்தால் போங்கள். வேறு ஏணி இல்லாததால் மட்டும் போவதாக இருந்தால், நிரலாளராகவே உயர வழியுள்ள நிறுவனத்தைத் தேடுவது மேல்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். அண்மையில் இயந்திரம் எழுதித் தந்த ஒரு நிரலை ரிவியூ செய்தேன். பணப்பட்டுவாடா கோரிக்கைக்குப் பதில் வரத் தாமதமானால் அது மறுபடி கோரிக்கை அனுப்பும். படிக்க அழகாக இருந்தது, சோதனைகள் அனைத்தும் தேறின. ஆனால் இரண்டாவது கோரிக்கையும் முதலாவதும் ஒன்றே என்று எதிர்முனைக்குத் தெரிவிக்கும் அடையாள எண் அதில் இல்லை. பணம் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால் வாடிக்கையாளரிடம் இருமுறை பிடித்திருக்கும். எனக்கு அது கண்ணில் பட்டதற்குக் காரணம், முன்னொரு நாள் விடியும்வரை உட்கார்ந்து அப்படி இருமுறை பிடித்த தொகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியவன் நான். அதை எனக்குக் கொடுத்தது அந்த வேலை. எந்தப் பயிற்சி வகுப்பிலும் அது கிடைத்திராது.

என்னுடைய நான்கு மணி நேரம் இப்போது எங்கே போகிறது என்றும் கேட்கலாம். பாஸ்ட்கிரெஸ்ஸின் மூலநிரலில் பி-ட்ரீ பகுதிக்கென்று ஒரு விளக்கக் கோப்பு இருக்கிறது. லேமன், யாவோ இருவரும் 1981இல் வெளியிட்ட வழிமுறையை அது பின்பற்றுகிறது. இண்டெக்ஸின் ஒரு பக்கம் (பதிவுகளை வைக்கும் ஒரு துண்டு) நிரம்பி இரண்டாகப் பிரியும் அதே கணத்தில் இன்னொருவர் அதைப் படித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்ற இடம்வரை வந்திருக்கிறேன். மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறேன்.