"படம் எப்படி?": தியேட்டர் வாசலில் நாம் சொல்லும் பதிலுக்கு என்ன அர்த்தம்?

[திரையில்: காலைக் காட்சி முடிந்து கூட்டம் வெளியே வருகிறது. ஒரு கை மைக்கை நீட்டுகிறது.]

படம் முடிந்து வெளியே வருகிறீர்கள். வெயில் கண்ணைக் கூசுகிறது. வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று மனசு ஒரு பக்கம் தேடிக்கொண்டிருக்கிறது. அப்போது ஒருவர் மைக்கை நீட்டி, "ப்ரோ, படம் எப்படி?" என்று கேட்கிறார். பின்னால் நண்பர்கள் கத்துகிறார்கள். பதில் சொல்ல உங்களுக்குப் பத்து விநாடி கிடைத்தால் பெரிது.

அந்தப் பத்து விநாடியில் வாயில் வந்த வார்த்தை, மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று யோசிக்கிற யாரோ ஒருவருடைய போனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்த வீடியோவில் விமர்சகர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. காசு கொடுத்து, வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்கி, சும்மா படம் பார்க்கப் போகிற நம்மைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பார்த்த படத்தைப் பற்றி நாம் சொல்கிற கருத்து எப்படி உருவாகிறது? அதில் எதை நம்பலாம்? சாதாரண ரசிகரின் கருத்து மிகவும் மதிப்புள்ளது என்று நான் நம்புகிறேன். ஆனால் அதை நாம் கேட்கிற நேரமும், கேட்கிற விதமும் சரியில்லை.

[திரையில்: "ஒரு தடவை பார்க்கலாம்" என்ற எழுத்துகள்.]

முதலில் வார்த்தைகள். "ஒரு தடவை பார்க்கலாம்." தமிழ்நாட்டில் படம் பார்க்கிற எல்லோருக்கும் இதன் அர்த்தம் தெரியும். எழுத்தில் பார்த்தால் இது சம்மதம். காதில் கேட்டால் பெரும்பாலும் மறுப்பு. "மோசம்" என்று சொல்ல மனசு வராதபோது, ஏமாற்றத்தின் மேல் போர்த்துகிற துணி இது. "பார்க்கலாம்..." என்று கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னால் போகவேண்டியதில்லை. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இரண்டு முறை வேகமாகச் சொன்னால் தாராளமாகப் போகலாம்.

"குடும்பத்தோட பார்க்கலாம்" என்பது படத்தின் தரத்தைப் பற்றியதே இல்லை. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கும்போது நெளிய வைக்கிற காட்சி இல்லை என்ற தகவல் அது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறு கிடையாது.

அப்புறம், சமீப ஆண்டுகளில் புதிதாக ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. "ஓடிடியில் பார்த்துக்கலாம்." பல தமிழ்ப் படங்கள் தியேட்டருக்கு வந்து நான்கே வாரத்தில் வீட்டுத் திரைக்கு வந்துவிடுகின்றன. அதனால் படம் நல்லதா, கெட்டதா என்ற கேள்வியோடு, இதற்கு நான்கு டிக்கெட், பார்க்கிங், இடைவேளைச் செலவு எல்லாம் தகுமா என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. மாதக் கடைசியில் அப்படிச் சொல்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் சொன்னது பர்ஸைப் பற்றிய கருத்து. கேட்கிறவர் அதைப் படத்தைப் பற்றிய கருத்தாக எடுத்துக்கொள்கிறார்.

சரி, இப்போது எல்லோரும் சொல்கிற அந்த வார்த்தைக்கு வருவோம்.

[திரையில்: "செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்."]

"ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்." எத்தனை படங்களுக்கு இதைக் கேட்டிருப்போம்! ஏன் எப்போதும் இரண்டாம் பாதிதான் மாட்டிக்கொள்கிறது?

நம் படங்களுக்கு இடைவேளை உண்டு. அந்த இடைவேளைக்கு முந்தைய சில நிமிடங்களை எழுதுகிறவர்கள் ஒரு சின்ன கிளைமாக்ஸாகவே எழுதுகிறார்கள். நாயகன் யார் என்று தெரிகிறது, அல்லது வில்லன் நேருக்கு நேர் வந்து நிற்கிறான். விளக்கு எரிகிறது. கையில் டீயும் பப்ஸும் வைத்துக்கொண்டு, "இனிமே பாரு, வேற மாதிரி இருக்கும்" என்று பேசிக்கொள்கிறோம். இந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரண்டாம் பாதியை நாமே மனசுக்குள் ஒரு தடவை எடுத்து முடித்துவிடுகிறோம். திரும்பி வந்து உட்கார்ந்தால், படம் ஒரு ஃப்ளாஷ்பேக்கோடு நிதானமாக முதல் படியிலிருந்து ஏறத் தொடங்குகிறது. நாம் மாடியில் நிற்கிறோம், படம் கீழே நிற்கிறது.

அதனால் "லேக்" என்று சொல்லும்போது நீளத்தைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறோம், ஆனால் காரணம் அநேகமாக வேறு. நமக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஒன்றைப் படம் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால், யாருக்காகக் கவலைப்படச் சொல்கிறதோ அந்த ஆளின் மேல் நமக்கு இன்னும் ஒட்டுதல் வரவில்லை. மூன்று மணி நேரப் படத்தில் ஒருமுறைகூடக் கடிகாரம் பார்க்காமல் இருந்திருக்கிறோம். இரண்டு மணி நேரப் படத்தில் இரண்டு தடவை பாத்ரூம் போய்வந்திருக்கிறோம்.

நண்பர் யாராவது "லேக்" என்றால் நான் ஒரு கேள்வி கேட்பேன். "எந்த இடத்தில் போனை எடுத்தே?" பதில் சட்டென்று வரும். "அந்தக் கல்யாணப் பாட்டு வந்தப்போ", "கோர்ட்டுல ரெண்டாவது தடவை பேசினப்போ" என்று இடத்தைக் குறித்துச் சொல்வார்கள். அந்த ஒரு வரி, "லேக்" என்ற சொல்லைவிட எவ்வளவோ அதிகம் சொல்லிவிடுகிறது.

நான் மதிக்கிற இன்னொரு வார்த்தை "கனெக்ட் ஆகல". இது நேர்மையான சொல். படத்தின் மேலும் பழி போடவில்லை, தன் மேலும் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ நடக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது.

[திரையில்: இரண்டு பாத்திரங்களில் குளிர்ந்த நீர். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர்.]

இப்போது தியேட்டரை விட்டுக் கொஞ்சம் வெளியே போவோம். 1993ல் டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு முறை, 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு கையை 60 விநாடி வைக்க வேண்டும். அது வலிக்கிற குளிர். இன்னொரு முறை, மற்றக் கையை அதே 14 டிகிரி நீரில் 60 விநாடி வைத்துவிட்டு, கூடுதலாக 30 விநாடி வைத்திருக்க வேண்டும். அந்த 30 விநாடியில் நீரின் சூடு மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். அப்போதும் குளிர்தான், ஆனால் கொஞ்சம் குறைவு.

இரண்டில் எதைத் திரும்பச் செய்ய விருப்பம் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனாலும் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால், முழு அனுபவமும் இதமானதாக நினைவில் தங்கிவிட்டது. ஓர் அனுபவத்தை நினைவில் எடைபோடும்போது அதன் உச்சத்தையும் முடிவையும்தான் பெரிதாகப் பிடித்துக்கொள்கிறோம், அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அவ்வளவாகக் கணக்கில் வருவதில்லை என்று அவர்கள் சொன்னார்கள்.

கிளைமாக்ஸ் முடிந்து ஐந்தாவது நிமிடத்தில் மைக்கை நீட்டினால் என்ன கிடைக்கும் என்று இப்போது புரிகிறதா? கடைசிக் காட்சியில் அம்மா அழுதால் "செம படம்". கடைசிச் சண்டை சொதப்பினால் "டோட்டல் வேஸ்ட்". அதற்கு முன்னால் ஓடிய இரண்டு மணி நேரம் அந்தப் பதிலுக்குள் வரவே இல்லை. பேசுகிறவர் பொய் சொல்லவில்லை, அந்த நிமிடத்து உண்மையைத்தான் சொல்கிறார்.

[திரையில்: விடியற்காலை, தியேட்டர் முன் கட்அவுட், பட்டாசு.]

அந்த முதல் காட்சிக்கு வருவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் 19 அன்று லியோ வெளியானபோது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளத்திலோ அதிகாலை 4 மணிக்கே தொடங்கிவிட்டது. பொறுக்க முடியாமல் எல்லை தாண்டிப் பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்தவர்கள் உண்டு. இங்கே முதல் டிக்கெட் கிழிபடுவதற்குள், அங்கே பார்த்தவர்களின் கருத்து இங்கே வந்து இறங்கிவிட்டது. தூக்கத்தை விட்டு, பஸ் பிடித்து அடுத்த மாநிலத்துக்குப் போகிறவர் படத்தை ஏற்கெனவே பாதி நேசித்துவிட்டார். அந்த அன்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் விசில் சத்தத்தில் வசனமே கேட்காத காட்சியைப் பார்த்தவர், திங்கட்கிழமை மாலை மனைவியோடு போகிற உங்களுக்கு அந்தப் படம் எப்படி இருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் 1970களின் கடைசியிலிருந்து இதையே தொழிலாகச் செய்கிறது. படம் வெளியாகும் முதல் இரவில், தியேட்டருக்கு வந்தவர்களிடம் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து ஏ முதல் எஃப் வரை கிரேடு போடச் சொல்வார்கள். வயது என்ன, எதற்காக வந்தீர்கள் என்றும் கேட்பார்கள். முதல் இரவு வருகிறவர்கள் ஆசையோடு வருகிறவர்கள் என்பது தெரிந்த விஷயம். அதனால் அங்கே ஒரு பெரிய படத்துக்கு சி கிடைத்தால் அது கெட்ட செய்தி. அட்டையை நிரப்பியவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொண்டே அதைப் படிக்கிறார்கள். நாம் மைக் வீடியோ பார்க்கும்போது அந்தப் படி விடுபட்டுப் போகிறது.

இந்த மைக் வீடியோக்களால் நஷ்டம் வருகிறது என்று நம் தயாரிப்பாளர்களுக்குக் கோபம். 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், முதல் நாள் தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்கள் பேட்டி எடுப்பதை அனுமதிக்க வேண்டாம் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் விமர்சனத்துக்கே தடை வேண்டும் என்ற வழக்கும் வந்தது. அப்படி இடைக்காலத் தடை விதிக்க சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அது சரியென்றே நினைக்கிறேன். காசு கொடுத்துப் பார்த்தவரின் வாயை மூன்று நாள் மூடிவைக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பேசுகிறவரைத் தடுப்பதைவிட, கேட்கிற நாம் கொஞ்சம் பொறுப்பது நல்லது.

[திரையில்: 1999. பழைய தியேட்டர், கையால் எழுதிய ஹவுஸ்ஃபுல் பலகை.]

பொறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு படம் இருக்கிறது. சேது. பாலாவின் முதல் படம். விக்ரம் சினிமாவுக்கு வந்து கிட்டத்தட்ட பத்து ஆண்டு ஆகியும் பெரிய வெற்றி கிடைக்காத நேரம். விநியோகஸ்தர்களுக்கு 60 தடவைக்கு மேல் போட்டுக் காட்டியும் வாங்க ஆளில்லை. அந்தச் சோக முடிவைப் பார்த்துத் தயங்கினார்கள். கடைசியில் 1999 டிசம்பரில், சென்னைப் புறநகர்த் தியேட்டர் ஒன்றில் பகல் காட்சி மட்டும் என்று ஒதுங்கலாக வெளியானது.

பார்த்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆபீஸ் போனார்கள், கல்லூரி போனார்கள். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்கள். வாய்வழியாகவே கூட்டம் சேர்ந்தது, காட்சிகள் கூடின. படம் 100 நாளைத் தாண்டி ஓடியது, தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. வியாபாரிகள் எந்த முடிவுக்குப் பயந்தார்களோ, அதையேதான் பார்த்தவர்கள் நெஞ்சில் சுமந்துகொண்டு போனார்கள். அந்தச் சுமையை இறக்கிவைக்க இன்னொருவரிடம் பேசவேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்து வாய்வழிப் பேச்சின் பலம் முழுக்க அதுதான்.

அன்பே சிவம் இதைவிட அதிகம் காத்திருந்தது. 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் தோற்றது. பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டபோது, வீட்டில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் அதைத் தங்கள் படமாக ஆக்கிக்கொண்டார்கள்.

[திரையில்: நட்சத்திரங்கள், சதவீதங்கள், எண்கள்.]

எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 100 சதவீதம் என்று பார்த்தால் மகத்தான படம் என்று நினைத்துவிட வேண்டாம். எத்தனை விமர்சகர்கள் "பரவாயில்லை" என்ற கோட்டைத் தாண்டிச் சொன்னார்கள் என்பதுதான் அந்த எண். பத்துப் பேரும் "ஒரு தடவை பார்க்கலாம்" என்று நல்ல மனதோடு சொன்னாலே அங்கே 100 வந்துவிடும். ஆனந்த விகடனில் 1977ல் பதினாறு வயதினிலே வாங்கிய மதிப்பெண் 62.5. பள்ளிக்கூடத்தில் அந்த மார்க்கோடு வந்தால் வீட்டில் திட்டு விழும். அந்த இதழின் கணக்கில் அது பெருமைக்குரிய உயரம். யார் அளவுகோல் என்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு என்ன செய்வது?

[திரையில்: ஒரு சமையலறை. குக்கர். வெளிச்சம் ஜன்னல் வழியாக.]

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பட விமர்சனம் என் அம்மாவுடையது. அவர் ஒரு படத்தை நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. பார்த்து நாலு நாள் கழித்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே திடீரென்று, "அந்தப் பொண்ணு பாவம்டா. அத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூட அவகிட்ட சாப்பிட்டியான்னு கேக்கலை" என்பார். எந்தப் படம் என்று கேட்டால் பெயர் ஞாபகம் இருக்காது. "அதான், அந்த மீசைக்காரர் அப்பாவா வருவாரே" என்பார். நான் அதே படத்தைத் தியேட்டரில் பார்த்து, "லேக்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். யாரும் சாப்பிட்டியா என்று கேட்காத அந்தக் காட்சி என் கண் முன்னால்தான் ஓடியது. நான் கவனிக்கவில்லை. அம்மாவுக்காக அந்தப் படத்தைத் திரும்ப ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. படத்தில் மூன்று இடத்தில் அந்தப் பெண் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் நிற்கிறாள்.

உங்களையும் அப்படியே கேட்கிறேன். கடைசியாகப் பார்த்த படத்தை விட்டுவிடுங்கள், அது இன்னும் சூடாக இருக்கும். அதற்கு முந்தைய படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோடு பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள், எந்த இடத்தில் போனை எடுத்தீர்கள், எந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது? ஸ்டார் வேண்டாம், மார்க் வேண்டாம். அந்த ஒரு காட்சியை மட்டும் கீழே எழுதுங்கள். படத்தின் பெயர் மறந்திருந்தாலும் பரவாயில்லை, படிக்கிறவர்களில் யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.