கூடுதல் பொறுப்பு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் துறையில் அன்றாடம் புழங்கும் சொல் ஒன்று உண்டு: 'கூடுதல் பொறுப்பு'. ஒரு துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர் மாறுதலாகிப் போய், அவர் இடத்துக்கு ஆள் வராவிட்டால், பக்கத்து நிலையத்துச் செவிலியரே அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் எங்கள் நிலையத்துக் குளிர்பெட்டியிலிருந்து மருந்துகளை எடுத்து, ஐஸ் பேக்குகளுக்கு நடுவே அடுக்கிக்கொண்டு புறப்படும் செவிலியர், மிஞ்சியதை மாலைக்குள் திருப்பி ஒப்படைத்தாக வேண்டும். பொறுப்பு இரண்டு ஊருக்கு, புதன்கிழமையோ ஒன்றுதான். ஒரு ஊரில் தாய்மார்கள் குழந்தைகளோடு காத்திருந்து திரும்பிவிட்ட நாட்களிலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவன் நான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது தொலைவு. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது நாடு முழுமைக்குமான கணக்கு. பாபநாசத்துக்கு மேலே இஞ்சிக்குழி, மயிலாறு, சேர்வலாறு என்று காணி பழங்குடி மக்கள் வாழும் குடியிருப்புகள் அத்தனையையும் கூட்டினாலும் 3,000 தேறாது. தலையை எண்ணும் கணக்கில் நிறைமாதக் கர்ப்பிணி காட்டுவழியே கீழே இறங்கி வரும் தூரத்துக்கு இடமில்லை. பணம் இல்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று 1946-இல், சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த குழு சொன்னது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் இன்று மருந்துக்குக் காசு கேட்பதில்லை என்பது உண்மையே; ஆனால் அங்கே போய்வரப் பேருந்துக் கட்டணமும், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும் யார் கணக்கில் சேரும்?

மருத்துவர்கள் கிராமத்துக்கு வர மறுக்கிறார்கள் என்று பொதுவாகக் குறைப்படுவார்கள். என் அனுபவத்தில் அது பாதி உண்மை. வருகிறார்கள், தங்குவதில்லை. அரசுப் பணியில் இருப்பவர் எட்டாத இடத்தில் பணிபுரிந்தால், முதுநிலைப் படிப்பு நுழைவுத் தேர்வில் ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் பெறலாம் என்றொரு விதி உண்டு. மூன்றாண்டு முடிந்ததும் அவர் மேற்படிப்புக்குப் போவதில் தவறேதுமில்லை. ஊரின் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கும் வேளையில்தான் அவர் போகிறார் என்பதே வருத்தம்.

செவிலியர் நிலை இதனினும் மோசம். 2015-இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டவர்கள் பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவரை மலையடிவார ஊரில் வீடு பிடித்துத் தங்கச் சொல்ல எனக்கு நா எழுந்ததில்லை.

மக்கள்தொகையோடு தொலைவையும் சேர்த்துப் பணியிடங்களை வகுக்கலாம். அதற்கு முன்பாக, கூடுதல் பொறுப்பு மூன்று மாதத்துக்கு மேல் நீளக் கூடாது என்று ஓர் ஆணை வந்தாலே, புதன்கிழமைகளில் காத்திருக்கும் தாய்மார்கள் திரும்பிப் போக நேராது.

நன்றி, வணக்கம்.