கோபுரத்திடம் கேட்காத சாட்சி

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் வரலாறு சொல்லிக்கொடுக்கிற எனக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சம்பந்தம் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தைத் தொடங்கினால், நான் போகாத பாரிஸ் தெருக்களுக்கு அங்கிருந்து வழி சொல்கிறார்கள். எல்லாம் கேம் விளையாடிப் பழகிய தெருக்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கேமில் நாயகி என்ற பேச்சு வந்ததும் அதே பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அந்தக் காலத்துல பொம்பளைங்க எங்க மேம் சண்டை போட்டாங்க? அது வரலாறுக்கு ஒத்து வராதே!"

இந்தப் பேச்சு உலகம் முழுக்க ஓடிய பேச்சு. 2014இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' புரட்சிக்கால பாரிஸில் நடக்கிற கேம். நான்கு பேர் சேர்ந்து ஆடலாம்; நான்கு பாத்திரமும் ஆண்தான். பெண் ஏன் இல்லை என்று கேட்டபோது, அசைவு, குரல், உடை எல்லாவற்றையும் இன்னொரு தடவை செய்யவேண்டியிருக்கும், வேலை இரட்டிப்பாகும் என்றார்கள் தயாரித்தவர்கள். அது செலவுக் கணக்கு. வரலாற்றைத் துணைக்கு அழைத்தது விளையாடுகிறவர்களில் சிலர்.

சரி, வரலாற்றையே கேட்போம். 1789 அக்டோபரில் ரொட்டிக்காக பாரிஸிலிருந்து வெர்சாய் வரை நடந்து, அரசனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்றவர்கள் சந்தைப் பெண்கள். 1793 ஜூலை 13 அன்று புரட்சித் தலைவர்களில் ஒருவரான மாராவைக் குளியல் தொட்டியிலேயே குத்திக் கொன்றவள் சார்லோட் கோர்டே. கொலைகாரர் என்றே பெயர் வைத்த கேமுக்கு, அந்த ஊரில் அந்த வருஷங்களில் பெண் கிடைக்கவில்லையாம்!

அதே கேமில் நோத்ர தாம் தேவாலயத்தை இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார்கள். அதன் உச்சியில் ஓர் ஊசிக்கோபுரம் நிற்கிறது. 2019இல் தீப்பிடித்துச் சரிந்ததே, அதன் சாயலில்தான். அந்தக் கோபுரம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. அதற்கு முந்தைய பழைய கோபுரத்தைப் புரட்சியை ஒட்டிய வருஷங்களிலேயே இறக்கிவிட்டார்கள். ஆனாலும் கேமில் கோபுரம் இருக்கிறது, ஏறவும் ஏறலாம். அப்புறம் நாயகன் அவ்வளவு உயரத்திலிருந்து வைக்கோல் வண்டியில் குதித்து, உடம்பைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறான். வைக்கோல் எவ்வளவு தாங்கும் என்று திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கோபுரத்திடம் யாரும் பெரிதாகச் சாட்சி கேட்கவில்லை, வைக்கோலிடமும் கேட்கவில்லை. பெண் வந்தால்தான் எல்லாருக்கும் வரலாறு ஞாபகம் வருகிறது.

பெண்ணை நாயகியாக்கிவிட்டார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் தலையாட்டி ஏற்றுக்கொள்ளவும் என்னால் முடியாது. 2018இல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் ஃபைவ்' இரண்டாம் உலகப்போர்க் கேம். நார்வேயில் ஜெர்மானியர் கையில் இருந்த, அணு ஆராய்ச்சிக்கு வேண்டிய கனநீரைத் தயாரித்த ஆலையை 1943 பிப்ரவரியில் ஒரு சிறு கமாண்டோக் குழு வெடிவைத்துத் தகர்த்தது. அவர்கள் நார்வே நாட்டு ஆண்கள். பனிமலையில் வாரக்கணக்கில் பட்டினியோடு தாக்குப்பிடித்தவர்களின் உதவியும் அதில் உண்டு. கேமில் அந்த வேலையை ஓர் இளம்பெண்ணும் அவள் தாயும் செய்கிறார்கள். பெயர் தெரிந்த மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்ததை எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே போரில் சோவியத் படையில் பெண்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். குறிபார்த்துச் சுடும் லூத்மிலா பவ்லிச்சென்கோ ஒருவர் கணக்கிலேயே 309 பேர். அந்தச் சோவியத் போர்முனை இந்தக் கேமில் கிடையாது. இருந்த இடத்தை விட்டுவிட்டு இல்லாத இடத்தில் போய்த் தேடியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் வேறொரு எண்ணம் உண்டு. கேமில் நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் சுடுகிறோம், வெட்டுகிறோம். அந்த ஒரு வேலையை மட்டும் வைத்துக்கொண்டு பழைய காலத்துக்குப் போனால் ஆண்கள்தான் அதிகம் தட்டுப்படுவார்கள், அது உண்மைதான். ஒளித்துவைப்பது, ஏமாற்றித் திருப்பி அனுப்புவது, சுமந்துபோவது, பேரம் பேசுவது, இவற்றையும் ஆட்டத்தில் சேர்த்தால் பெண்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். ஆவணத்தோடு வருவார்கள்.

நம் ஊரிலிருந்தே சொல்கிறேன். கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில். 1801 பிப்ரவரியில் அவர் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மறுபடி எழுந்துவிட்டது. கும்பனிப்படை அதைப் பிடிக்க மே 24 ஆயிற்று. ஊமைத்துரை காயத்தோடு களத்தில் விழுந்து கிடந்தார்.

அடுத்து நடந்ததை எழுதியவர் எதிர்ப்பக்கத்து அதிகாரி கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ். 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சண்டை முடிந்ததும் பக்கத்து ஊர்ப் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடி வந்தார்கள். ஒரு தாய்க்கு மகன் கிடைத்துவிட்டான், குற்றுயிராக. என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்றான் அவன். சாமி என்றது ஊமைத்துரையை. மகனை விட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேடிக்கொண்டு கும்பனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்கள் வந்தபோது, அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள் பெண்கள். அம்மை போட்டுச் செத்துவிட்டான் என்றார்கள். வந்தவர்கள் போர்வையைத் தூக்கிப் பார்க்கவில்லை, ஓடிவிட்டார்கள்.

இதில் ஒரு கத்தி கிடையாது. ஆனால் எவ்வளவு பெரிய லெவல் பாருங்கள். எந்தக் காயக்காரனைத் தூக்குவது என்பதிலிருந்து, எதிராளிக்கு எதைக் கண்டால் பயம் என்பது வரை எல்லாம் ஆடுகிறவர் தீர்மானிக்க வேண்டியவை. ஒப்பாரியைக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிட்டால் சந்தேகம் வரும், பிந்தினால் ஆள் மாட்டிக்கொள்வார்.

ராணி மங்கம்மாளை வைத்தும் யோசிக்கலாம். 1689 முதல் 1706 வரை பேரன் பெயரில் மதுரையை ஆண்டவர். தஞ்சாவூர், மைசூர், மொகலாயர் என்று சுற்றிலும் ஆள். எப்போது கப்பம் கட்டுவது, எப்போது படை அனுப்புவது என்பதே அவருடைய ஆட்டம். வேலுநாச்சியார் 1772இல் கணவரை இழந்து, திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் இருந்து, ஹைதர் அலியின் ஆதரவோடு 1780இல் சிவகங்கையை மீட்டவர். அவருக்குச் சான்று உண்டு. அவர் படையில் இருந்ததாகச் சொல்கிற குயிலியின் கதை பெரும்பாலும் வாய்மொழியின் பலத்தில் நிற்பது. அதைக் கேமாகச் செய்தால், மக்கள் சொல்லும் கதை இது என்று முதல் திரையில் போட்டுவிட்டுத் தாராளமாகச் செய்யுங்கள். கதைப்பாடலும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த ஊர் இது, அந்த வித்தியாசத்தை நம் ஜனங்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் கேம் செய்து பார்க்கிற பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பாஞ்சாலங்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓட்டப்பிடாரம் பக்கம் போய் இப்போது நிற்கிற கோட்டையைப் போட்டோ பிடித்து அப்படியே வரைந்துவிடாதீர்கள். அது 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. 1801இல் இருந்தது மண்கோட்டை, சுற்றிலும் முள்வேலி.

நன்றி, வணக்கம்.