கவுண்ட்டவுன் நின்ற நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தடா, ஆரம்பாக்கம், சூளூர்ப்பேட்டை பக்கத்துக்காரர்களுக்கு ராக்கெட் விடும் நாளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். மொட்டைமாடி முழுக்க ஆள். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் கிளம்பும். சத்தம் நம்மிடம் வந்து சேர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். ராக்கெட் மேகத்துக்குள் போன பிறகுதான் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

சில நாள் இதெல்லாம் நடக்காது. கவுண்ட்டவுன் பாதியில் நின்றுவிடும். “இதுக்கா லீவு போட்டு வந்தோம்” என்று அலுத்துக்கொண்டு சென்னை லோக்கலைப் பிடிக்க ஓடுவார்கள். என்னைக் கேட்டால், ஷார், அதாவது ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையம், பெருமைப்பட வேண்டிய நாட்களில் அவையும் உண்டு.

2013 ஆகஸ்ட் 19. மாலை 4.50 மணிக்கு ஜிஎஸ்எல்வி டி5 ராக்கெட் கிளம்ப வேண்டும். 74 நிமிடம் பாக்கி இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில், அதாவது ராக்கெட்டில் இரண்டாவதாக எரியும் பகுதியில், எரிபொருள் கசிந்தது. யூடிஎம்எச் என்கிற திரவம் அது. மூச்சில் போனால் நஞ்சு. எரிய உதவும் நைட்ரஜன் டெட்ராக்சைடு அதன்மேல் பட்டாலே போதும், தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். உடனே நிறுத்தினார்கள். எரிபொருளை வடித்து, ராக்கெட்டை ஏவுதளத்திலிருந்து திருப்பிக் கொண்டுபோய், கசிந்த கட்டத்தையே மாற்றினார்கள். டேங்க் செய்த அலுமினியக் கலவை விரிசல் விடக்கூடியது என்று கண்டுபிடித்து, வேறு கலவைக்குப் போனார்கள். 2014 ஜனவரி 5 அன்று அதே ராக்கெட் பறந்தது. கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் நம் நாட்டுக் கிரையோஜெனிக் இன்ஜினுக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான்.

அதே வகை எரிபொருள்தான் 1960-இல் சோவியத் யூனியனின் பைக்கனூர் ஏவுதளத்தில் நின்ற ஆர்-16 ஏவுகணையிலும் இருந்தது. அங்கேயும் கசிவு தெரிந்தது. ஆனால் நவம்பர் 7 புரட்சி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, மேலிடத்து அவசரம். எரிபொருளை இறக்காமலே ஆட்களை வைத்துப் பழுது பார்த்தார்கள். சோவியத் ஏவுகணைப் படைத் தலைவர் மார்ஷல் நெடெலின் ஏவுதளத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரே உட்கார்ந்திருக்கும்போது யார் விலகிப் போவார்கள்? அக்டோபர் 24 அன்று இரண்டாம் கட்ட இன்ஜின் தானாகப் பற்றியது. மார்ஷல் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1989 வரை அந்த அரசு இதை வெளியே சொல்லவில்லை. விபத்தைவிட அந்த மௌனம் எனக்கு அதிகம் வலிக்கிறது.

சரி, கடைசி நொடியில் கோளாறு வந்தால்? 2001 மார்ச் 28 அன்று முதல் ஜிஎஸ்எல்விக்கு வந்தது. சுற்றியுள்ள நான்கு திரவ இன்ஜின்கள்தான் முதலில் எரியும். அவற்றின் உந்துவிசை சரிதானா என்று கம்ப்யூட்டர் பார்த்த பிறகே நடுவிலுள்ள திட எரிபொருள் பற்றவைக்கப்படும். ஏனென்றால் திட எரிபொருளைப் பற்றவைத்துவிட்டால் அப்புறம் அணைக்க வழியே கிடையாது. அன்று நான்கில் ஒன்றுக்கு வலு போதவில்லை. சுமார் ஒரு நொடி இருக்கையில் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நிறுத்தியது. ராக்கெட் நின்ற இடத்திலேயே நின்றது. ஏப்ரல் 18 அன்று அதுவே பறந்தது.

திட எரிபொருளின் கொடுமையைப் பிரேசில் 2003 ஆகஸ்டில் பார்த்தது. அல்கான்டரா ஏவுதளத்தில் ராக்கெட்டின் நான்கு திட எரிபொருள் மோட்டார்களில் ஒன்று முன்கூட்டியே பற்றி 21 பேர் இறந்துபோனார்கள். மறுவருடம் பிப்ரவரியில் நம் ஸ்ரீஹரிகோட்டா திட எரிபொருள் ஆலையிலும் தீ. ஆறு பேரை இழந்தோம். ராக்கெட் கிளம்பும்போது கைதட்டுகிற நாம் அந்த ஆறு பேரையும் நினைக்க வேண்டும்.

இன்னொன்று. ராக்கெட் விடும் நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிப்பார்கள். தேதி தள்ளிப்போனால் இன்னொரு நாளும் படகு கரையில்தான். நமக்கு வேடிக்கை தவறுகிறது. அவர்களுக்கு அன்றைய பாடே போகிறது. அந்த இழப்பையும் ராக்கெட் செலவுக் கணக்கிலேயே சேர்த்து, கையோடு ஈடு கொடுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.