நடுச்சுவர்

(தவக்கால மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போதகர் ஐயா அவர்களுக்கும், பெரியவர்களுக்கும், பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

‘இன்றைய வாழ்வில் நற்செய்தி’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கைபேசி, குடி, கடன் என்று எதை வேண்டுமானாலும் இதற்குள் அடைக்கலாம். அப்படிப் பேசினால் நாம் எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். நான் சபைக்குள் சாதி எழுப்பிய ஒரு சுவரைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் தாயார் அடக்கத்துக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாசல். ஒன்றுக்கு இரும்பு வளைவு வைத்து, வாசல்வரை தார் போட்டிருந்தார்கள். இன்னொன்றுக்குச் சாக்கடை ஓரமாகப் போக வேண்டும். நண்பரின் தாயாரை அந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான் கொண்டுபோனோம். உள்ளே நடுவில் இடுப்புயரச் சுவர். இரு பக்கமும் ஒரே மாதிரிச் சிலுவைகள், ஒரே மாதிரி வசனங்கள். குழி வெட்டியவரிடம் மெதுவாகக் கேட்டேன். “ரெண்டு பக்கமும் நான்தான் ஐயா வெட்டுறேன்” என்றார். சுவரைப் பார்த்தேன். புதுசாக வெள்ளையடித்திருந்தது. யார் செலவு என்றேன். “சபைச் செலவுதான். கல்லறைத் திருநாளுக்கு முன்னால வருசா வருசம் அடிப்பாங்க.”

வெளியே அழகு, உள்ளே எலும்பு என்று வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி மத்தேயு 23இல் ஆண்டவர் சொன்னது உங்களுக்கு நினைவு வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனால் அன்று வாயைத் திறக்காமல் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி எருசலேமுக்குப் போவோம். அன்றைய தேவாலய வளாகத்தில் யூதரல்லாத புறஜாதியார் ஓரளவுக்குத்தான் வரலாம். அதற்கு மேல் ஒரு தடுப்பு. அதில் கிரேக்க மொழியில் எச்சரிக்கைக் கல் பதித்திருந்தார்கள்: அந்நியர் தாண்டக் கூடாது, தாண்டிப் பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு. கதையல்ல, 1871இல் அந்தக் கல்லே கிடைத்தது. இன்றைக்கும் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசியனான துரோப்பீமுவை அந்தத் தடுப்புக்குள் பவுல் கூட்டிவந்துவிட்டார் என்று சந்தேகப்பட்டுத்தான் அவரை அடித்துக் கொல்லப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் 21இல் இருக்கிறது. ‘பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து’ என்ற சொற்கள் வருவதோ எபேசியருக்கு எழுதிய நிருபத்தில், துரோப்பீமுவின் ஊர்க்காரர்களுக்கு. அதைப் பிரசங்கத்துக்கான அலங்காரம் என்று நாம் வாசித்துவிடுகிறோம். அவர்களுக்கு அந்தச் சுவர் எது, எத்தனை அடி தள்ளி நின்றது என்பதெல்லாம் தெரியும்.

அந்தக் கல் மண்ணிலிருந்து வெளியே வந்த அதே காலத்தில், 1870களில், நம் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயில் எழும்புகிறது. ஒரே பீடம். அதற்கு முன்னால் கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு கூடங்கள். நடுவில் சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். கொத்தனாரைக் குறை சொல்ல முடியாது, வரைபடமே அப்படி. கௌசானல் அடிகளார் 1910இல் சுவரை இடித்தார். வேளாளர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நம் புராட்டஸ்டண்ட் பக்கம் மட்டும் சுத்தம் என்று யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நிறையப் பேர் சபையைத்தான் விட்டார்களே தவிர சாதியை விடவில்லை.

கலாத்தியர் 2ஐப் பாருங்கள், அந்தியோகியாவில் பேதுரு என்ன தப்புச் செய்தார்? உபதேசம் ஒன்றையும் மறுக்கவில்லை. புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு எழுந்து கொஞ்சம் தள்ளிப் போனார். அவ்வளவுதான். பர்னபாவும் கூடவே போனார். நம் ஊர்க் கல்யாண வீட்டில் இதை ஒரு தப்பென்றே சொல்ல மாட்டோம், ‘சொந்தக்காரங்க வந்திருக்காங்க, அவங்களோட உட்காருறேன்’ என்போம். பவுல் முகமுகமாய் எதிர்த்தார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்றார். சோற்றுப் பந்தியில் இடம் மாறியதற்கு இவ்வளவு பெரிய சொல்.

நம் அசனப் பண்டிகையில் அந்தச் சத்தியம் அரை நாள் நடக்கிறது. அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு. யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் தரையில் பந்தி. பக்கத்து இலைக்காரர் எனக்கு அப்பளம் எடுத்துத் தருவார். மறுநாள் அவர் வீட்டில் பெண் கேட்க முடியுமா? சபை மாத இதழின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ‘இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, இன்ன சாதியைச் சேர்ந்த மணமகள் தேவை.’ மறுபடியும் பிறந்தவர்களுக்கு முதல் பிறப்பின் சான்றிதழ் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொன்று. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை முதலில் இந்துக்களுக்கு என்று இருந்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. நியாயமான கோரிக்கை, நானும் ஊர்வலத்தில் நடந்திருக்கிறேன். அங்கே நாம் வைக்கும் வாதம் என்ன? மதம் மாறியும் தீண்டாமை போகவில்லை என்பது. அதற்குச் சாட்சி எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவது? அந்தக் கல்லறைச் சுவரைத்தான். மனுவில் கையெழுத்துப் போடுவதும் நாம், வருசா வருசம் சுண்ணாம்பு வாங்குவதும் நாம்.

சுவரை இடிக்க இன்றைக்கு இங்கே ஆள் கூட்டப் போவதில்லை, எனக்கு அந்த அதிகாரமும் இல்லை. ஆனால் மாத இதழ்க் குழுவினர் இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறார்கள். அடுத்த இதழில் மணமக்கள் விளம்பரம் போடும்போது சாதி என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் போடுங்கள். விளம்பரம் குறையும், அச்சுக்கூலி இடிக்கும் என்று பொருளாளர் இப்போதே தலையை ஆட்டுகிறார். ஒரு வருடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்கெழுதி வையுங்கள் அண்ணாச்சி. என் ஓய்வூதியத்தில் என்னால் முடிந்ததைக் கட்டுகிறேன். மீதிக்கு இந்தக் கூட்டத்தில் யார் யார் கை தூக்குகிறீர்கள் என்று பார்த்துவிட்டு உட்காருகிறேன்.