மாத்திரையை அளந்த பிள்ளைகள்

(அரசுப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர், ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். காலையில் இருந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், சாப்பாட்டு நேரமும் நெருங்குகிறது. அதனால் நேரடியாக வகுப்பறைக்குள் போய்விடுகிறேன்.

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் கிளாஸ் வந்த புதிதில் நான் ஒரு காணொளி போட்டேன். ஏழாம் வகுப்பு, குற்றியலுகரம். சொல்லின் கடைசியில் வரும் உகரம் சில இடங்களில் ஓசை குறைந்து ஒலிக்கும், அந்தப் பாடம். நல்ல காணொளி. படம், இசை, அசைவு எல்லாம் இருந்தது. விளக்கை அணைத்தேன். முப்பத்தாறு பிள்ளைகளும் சத்தமே இல்லாமல் திரையைப் பார்த்தார்கள். என் வகுப்பு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பாடம் பிள்ளைகளுக்குள் இறங்கிவிட்டது என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கேட்டேன். பின்னணியில் வந்த இசையை ஒரு பையன் அப்படியே வாயால் வாசித்துக் காட்டினான். திரையில் பறந்த கிளியின் நிறம் எல்லோருக்கும் நினைவிருந்தது. குற்றியலுகரம் யாருக்கும் நினைவில்லை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாள் முழுக்க ஊரெங்கும் திரை பார்க்கிற பிள்ளைகளுக்கு, பள்ளியிலும் ஒரு திரையைக் காட்டியிருக்கிறேன். அதற்கு மேல் நான் என்ன செய்துவிட்டேன்?

2001-ல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்தத் தலைமுறைக்கு 'டிஜிட்டல் நேட்டிவ்ஸ்' என்று பெயர் வைத்தார். மின்னுலகின் மண்ணின் மைந்தர்கள் என்று சொல்லலாம். அந்தப் பெயர் நம்மை ரொம்பவே பயமுறுத்திவிட்டது. 'அதுங்களுக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் ஒன்றும் தெரியாது' என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ரீல்ஸ் வெட்டி ஒட்டத் தெரிந்த பையனுக்கு, தான் எடுத்த கோப்பு எந்த இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாது. ஒரு நிமிடத்தில் ஐம்பது செய்தி அனுப்புகிற பெண்ணுக்குத் தமிழ் எழுத்தில் ஒரு வரி தட்டச்சு செய்ய வராது. தமிழ்99 விசைப்பலகையை நம் அரசு ஏற்று இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் நம் பிள்ளைகள் 'enna panra' என்று ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். விரலுக்குப் பழக்கம் இருக்கிறது. அந்தக் கருவியால் என்னென்ன செய்யலாம் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம்.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஹைடெக் லேப் கணினியில் ஆடாசிட்டி என்று ஒரு மென்பொருள் போட்டோம். இலவசம். ஒலியைப் பதிவு செய்தால் திரையில் அலை மாதிரி வரைந்து காட்டும். ஒரு மாணவியைக் கூப்பிட்டு, 'பட்டு, பாட்டு' என்று இரண்டு சொல் சொல்லச் சொன்னேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. சொன்னாள். திரையில் இரண்டு கோலம் விழுந்தது.

முதலில் ஒரு சின்ன முள். அது ப். உதடு திறக்கிற இடம். அடுத்து ஒரு கொழுத்த பகுதி. அது அகரம். மவுஸை வைத்து அந்தப் பகுதியை மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு நேரம் என்று கீழே காட்டும். வினாடியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வந்தது. அடுத்து 'பாட்டு'. ஆகாரத்தை இழுத்து அளந்தோம். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மாத்திரை என்பது எழுத்து ஒலிக்கிற நேரத்தின் அளவு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. இதை நாம் எத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம்! பிள்ளைகளும் எழுதி, மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்திருக்கிறார்கள். அன்றைக்கு என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, 'ஐயா, அப்போ இது நிஜமா?' என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. இவ்வளவு நாள் நான் சொன்னதெல்லாம் அவனுக்குப் பரீட்சைக்கான சங்கதியாகத்தான் இருந்திருக்கிறது. அவன் வாயில் நடக்கிற நிஜம் என்று அவனுக்குத் தெரியவே இல்லை.

அடுத்த கேள்வி இன்னும் அழகு. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பெண், 'ஐயா, ட் எங்கே? காணோமே' என்றாள். பார்த்தால், 'பாட்டு' என்ற சொல்லின் நடுவில் அலையே இல்லை. கோடு தட்டையாக ஓடுகிறது. நாக்கு மேலே போய் அண்ணத்தை ஒட்டிக் காற்றை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் வெளியே ஒலி கிடையாது. அந்த மௌனம்தான் ட். பிறகு 'பாடு' என்று சொல்ல வைத்தோம். அந்தத் தட்டைக் கோடு காணாமல் போனது. நாக்கு தொட்டும் தொடாமலும் போகிறது, குரலும் நிற்காமல் ஓடுகிறது. ஒற்று மிகுவதும் மிகாததும் என்ன வித்தியாசம் என்று நான் இருபது வருடம் விளக்கியிருக்கிறேன். இப்படி ஒரு தெளிவு எனக்கே அதற்கு முன் வந்ததில்லை.

அன்று மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை.

தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு சொல்கிறார்: 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை'. கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம். இதையும் சோதித்துப் பார்க்கலாமே என்று பிள்ளைகளே கிளம்பினார்கள். என் செல்போனில் ஒருவன் கண்ணைப் படம் எடுத்தோம். வினாடிக்கு முப்பது சட்டகம் எடுக்கும் கேமரா. இமை மூடத் தொடங்கி முழுசாகத் திறக்கிற வரைக்கும் எத்தனை சட்டகம் என்று ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார்கள். எண்ணி முப்பதால் வகுத்தார்கள். தமிழ் வகுப்பில் வகுத்தல் கணக்கு! இமைப்பு, அவர்கள் சொன்ன அகரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக வந்தது. ஆளுக்கு ஆள் மாறவும் செய்தது. 'அப்போ தொல்காப்பியர் தப்பாச் சொல்லிட்டாரா?' என்று ஒருவன் கேட்டான். 'அந்தக் காலத்துல நிதானமாப் பேசியிருப்பாங்கடா' என்றான் இன்னொருவன். 'இல்ல, நாமதான் வேகமா சொன்னோம், பாடிப் பாரு' என்றாள் ஒரு பெண். நான் வாயே திறக்கவில்லை. நுண்ணிதின் உணர்ந்தோர் கண்ட வழி இது என்றுதான் அந்த நூற்பாவின் அடுத்த அடியும் சொல்கிறது. நுண்ணிதாக உணர்கிற வேலையை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என் கண் முன்னால் செய்துகொண்டிருந்தார்கள்.

குற்றியலுகரத்துக்கும் அதே செல்போன்தான். 'பசு' என்று சொல்கிற வாயையும் 'பாட்டு' என்று சொல்கிற வாயையும் ஸ்லோமோஷனில் எடுத்தோம். 'பசு'வில் உதடு குவிகிறது. 'பாட்டு'வின் கடைசியில் குவியாமலே ஓய்ந்துவிடுகிறது. உகரம் தன் ஓசையில் குறைகிறது என்று புத்தகம் சொல்வதை, தோழியின் உதட்டில் பார்த்தார்கள். கிளியும் இசையும் தேவைப்படவே இல்லை.

இதில் நான் கண்டது ஒன்றுதான். திரை பிள்ளைக்கு எதையாவது காட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளை சாய்ந்து உட்காருகிறது. அதே கருவியை அளப்பதற்கு அவன் கையில் கொடுத்தால் முன்னால் வந்து நிற்கிறான்.

எங்கள் இயற்பியல் ஆசிரியர் இதைப் பார்த்துவிட்டு அவர் பங்குக்கு ஒன்று செய்தார். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தார் ஃபைபாக்ஸ் என்று ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். செல்போனுக்குள் இருக்கிற உணர்கருவிகளையெல்லாம் ஆய்வகமாக மாற்றிவிடும். ஒலி கேட்டால் ஓடத் தொடங்கி, அடுத்த ஒலிக்கு நிற்கிற கடிகாரம் அதில் உண்டு. இரண்டு ஆசிரியர்களின் போன்களை 5 மீட்டர் இடைவெளியில் மரத்தடியில் வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு பிள்ளை கை தட்ட, பிறகு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை கை தட்ட. இரண்டு கடிகாரமும் காட்டுகிற நேரத்தில் வித்தியாசம் ஏறத்தாழ 0.029 வினாடி வரும். முதல் கைதட்டு அந்தப் பக்கம் போகிற 5 மீட்டர், இரண்டாவது கைதட்டு இந்தப் பக்கம் வருகிற 5 மீட்டர், ஆக ஒலி 10 மீட்டர் கடக்கிற நேரம் அது. வகுத்தால் வினாடிக்கு 345 மீட்டர் பக்கம் வருகிறது. ஒலியின் வேகத்தைக் கைதட்டிக் கண்டுபிடித்தார்கள். காற்றடித்த போதும் பக்கத்து வகுப்பு சத்தம் போட்ட போதும் கணக்கு கெட்டுப்போய், திரும்பத் திரும்பச் செய்தார்கள். அறிவியல் என்றால் அதுதானே.

இன்னொன்று சொல்ல வேண்டும். இது நம் எல்லோருக்கும் பொருந்துவது. பாடம் முடிந்ததும் 'புரிஞ்சுதா?' என்று கேட்கிறோம். 'புரிஞ்சுது ஐயா' என்று வகுப்பே ஒரே குரலில் பாடும். அந்தக் குரலை நம்பித்தான் அடுத்த பாடத்துக்குப் போகிறோம். முன் பெஞ்சில் நாலு பேர் கை தூக்குவார்கள், அந்த நாலு பேரோடுதான் நம் உரையாடல். கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை ஜூன் முதல் ஏப்ரல் வரை வாயே திறக்காமல் ஒரு வருடத்தைக் கடந்துவிடும்.

பிள்ளைகள் பள்ளிக்கு செல்போன் கொண்டு வரக் கூடாது. சரியான விதிதான். ஆனால் ஆசிரியர் கையில் ஒரு போன் இருந்தாலே போதும் என்கிற மாதிரி பிளிக்கர்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் காகிதத்தில் அச்சிட்ட ஓர் அட்டை. கோலம் மாதிரி ஒரு கருப்பு உருவம், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. அட்டையை எந்தப் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. நான்கு பக்கம், நான்கு விடை. நான் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒரு முறை ஓட்டினால், யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத முடியாது, தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்கவும் முடியாது.

'பசு, நாடு, எஃகு, மார்பு, இதில் எது குற்றியலுகரம் இல்லை?' என்று கேட்டேன். 'புரிஞ்சுது ஐயா' என்று பாடிய அதே வகுப்பு. பாதிக்கு மேல் தவறு. அன்றைக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விடையைச் சொல்லவில்லை. ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களின் தொடக்கத்தில் ஒரு முறை கொண்டு வந்தார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், பிறகு மறுபடியும் விடை சொல்ல வேண்டும். அதையே செய்தேன். இரண்டு நிமிடம் வகுப்பு சந்தை மாதிரி இருந்தது. வாயைக் குவித்துக் குவித்துப் பார்த்தார்கள். இரண்டாம் முறை கேமராவை ஓட்டியபோது பெரும்பாலோர் 'பசு'வுக்கு வந்துவிட்டார்கள். வாயே திறக்காத அந்தப் பிள்ளை, முதல் முறையே சரியாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

கருவி வாங்கிப் போட்டால் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்தார்கள். 2012-ல் வந்த மதிப்பீட்டில், கணக்கிலும் மொழியிலும் கற்றல் கூடியதற்கு அடையாளமே இல்லை. நம் மாநிலத்தில் 2011 முதல் மடிக்கணினி கொடுத்தோம். 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. எல்லாம் நல்ல முயற்சிகள், நான் மதிக்கிறேன். ஆனால் அந்த க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யப் பிள்ளைக்கு வீட்டில் போன் வேண்டும். போன் அப்பாவோடு வேலைக்குப் போய், இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். கொரோனா காலத்தில் ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்ததை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன், வீட்டுப்பாடத்தில் போனைத் திணிக்காதீர்கள். வகுப்புக்குள், எல்லோருக்கும் நடுவில், ஒரே ஒரு போனை வைத்துச் செய்யுங்கள்.

இப்போது ஏஐ வந்துவிட்டது. குற்றியலுகரம் பற்றிக் கட்டுரை எழுது என்றால் ஒரு நொடியில் எழுதித் தருகிறது. அதைப் பார்த்து எழுதிவந்த பிள்ளையைத் திட்டிப் பயனில்லை, அந்தக் கேள்வியைக் கேட்டது நாம்தான். 'உன் பாட்டி பட்டு, பாட்டு சொல்வதைப் பதிவு செய்து, உன் குரலோடு ஒப்பிட்டு எழுது' என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பாட்டியின் குரல் எந்த ஏஐயிடமும் கிடையாது. பதிவு செய்ய வழியில்லாத பிள்ளைக்காக, பெற்றோர் கூட்டம் நடக்கிற நாளில் பாட்டிமாரையே லேபுக்கு அழைத்து வந்தோம். ஒரு பாட்டி மைக்கைப் பார்த்ததும் கூச்சப்பட்டு, சொல்லைச் சொல்லாமல் தாலாட்டே பாடிவிட்டார். நெடில் திரையின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரைக்கும் ஓடியது. 'ஐயா, இது எத்தனை மாத்திரை?' என்று பேரன் கேட்டான். நெடில் தன் இரண்டு மாத்திரையைத் தாண்டி நீள்கிற உயிரளபெடையை அன்றுதான் நடத்தினேன். பாடத்திட்டப்படி அது அப்போது வர வேண்டிய இடமே இல்லை.

பேசினது போதும். கணினி இங்கே தயாராக இருக்கிறது, மைக்கும் ஓடுகிறது. முன்வரிசையில் இருக்கிற டீச்சர், நீங்கள் வாருங்கள். பயப்படாதீர்கள், இரண்டே சொல்தான். பட்டு. பாட்டு. பின்னால் இருக்கிற இளைஞர் யாராவது வந்து மவுஸைப் பிடியுங்கள். அளந்து பார்ப்போம்.